கமிட்டியில் போட்டிருக்கிறார்களாமே

அன்பு மீனா,

கறுப்பின ஆய்வாளர்களுக்கு உதவும் கமிட்டியில் உன்னையும் போட்டிருப்பதாக அம்மா சொன்னாள். சந்தோஷம். ஆனால், அமெரிக்காவில் இன்றைய நிலைமையில், சட்டச் சிக்கல் வருமென்று உதவித்தொகை அறிவிப்பில் இனத்தின் பெயரைப் போடவே உங்கள் பல்கலைக்கழக நிர்வாகம் பயப்படுகிறது, கூடிப் பேசிவிட்டுக் கலைவதைத் தவிர என்ன செய்வது என்று சலித்துக்கொண்டாயாம். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

புள்ளியியலில் ராவ்-பிளாக்வெல் தேற்றத்தை எத்தனை வருஷம் நடத்தியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். சி.ஆர். ராவ் நம் நாட்டுக்காரர் என்று வகுப்பில் பெருமையாகச் சொல்வோம். மற்ற பாதிப் பெயருக்கு உரிய டேவிட் பிளாக்வெல் யார் என்று எந்தப் பையனும் கேட்டதில்லை, பாடப்புத்தகமும் சொன்னதில்லை. அவர் 1941-இல், 22 வயதிலேயே இல்லினாய்ஸில் டாக்டர் பட்டம் வாங்கிய கறுப்பினத்தவர். பிரின்ஸ்டனில் உள்ள உயர் ஆய்வு நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொண்டது. பக்கத்திலேயே இருக்கும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமோ அவரை கௌரவ உறுப்பினராக ஏற்க முரண்டு பிடித்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நெய்மன் என்ற புள்ளியியலாளர் அவரை வேலைக்கு எடுக்க ஆசைப்பட்டார், அதையும் நிறம் தடுத்துவிட்டது. கடைசியில் கறுப்பினக் கல்லூரிகளுக்கு மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் எழுதிப்போட்டு, அங்குமிங்கும் இருந்துவிட்டு, 1944-இல் வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார்.

இனிமேல் வருவதுதான் உனக்கு வேண்டியது. வாஷிங்டனில் கிர்ஷிக் என்ற புள்ளியியலாளர் பேசியதைக் கேட்கப் போன பிளாக்வெல், அதில் சொன்ன ஒரு சமன்பாட்டை நம்பாமல், அது தப்பு என்று காட்ட ஓர் உதாரணம் கட்டி அவருக்கே அனுப்பிவிட்டார். தப்பு அந்த உதாரணத்தில்தான் இருந்தது. கிர்ஷிக் அதை யாரோ கிறுக்கன் எழுதியது என்று ஒதுக்கவில்லை, வா பேசலாம் என்று கூப்பிட்டார். அப்படிப் பிடித்த சேர்க்கை, இருவரும் சேர்ந்து எழுதி 1954-இல் வந்த புத்தகம் வரை போயிற்று. பெர்க்லியும் 1955-இல் அவரைப் பேராசிரியராக்கியது. 1965-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் முதல் கறுப்பின உறுப்பினர் ஆனார். உன்னைப் போன்றவர்கள் அமெரிக்காவுக்குப் போக வழிவிட்ட குடியேற்றச் சட்டமும் அதே 1965-தான், இனப் பாகுபாட்டைத் தடைசெய்த சிவில் உரிமைச் சட்டத்துக்கு மறு வருஷம். கறுப்பின மக்கள் தெருவில் இறங்கி அடிபட்டது நமக்கும் சேர்த்துத்தான் என்று இங்கே யாரும் சொல்வதில்லை, அது வேறு கதை.

ஒரு மாணவியின் அரைகுறைக் கட்டுரையைப் படித்துவிட்டு, சாயங்காலம் வா பேசலாம் என்று சொல்ல எந்தச் சட்டத்தின் அனுமதி வேண்டும்?

பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2011-இல் வந்த ஆய்வு நினைவிருக்கும்: படிப்பு, முன்அனுபவம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் நிதி கறுப்பின விண்ணப்பதாரர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையர்களைவிட 10 சதவீதப் புள்ளி குறைவு. 2019-இல் இன்னொன்று, அந்த இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அவர்கள் எடுத்துக்கொள்ளும் தலைப்பால் வருகிறது என்றது. மக்கள்திரளின் ஆரோக்கியம், நோய்த்தடுப்பு மாதிரித் தலைப்புகள். உயிரணுவும் மூலக்கூறும் என்றால் மதிப்பு, ஜனங்களிடம் போய்க் கேட்டு எழுதினால் இளப்பம். ஆளைச் சேர்த்துக்கொண்டு தலைப்பை மட்டம் தட்டினால் என்ன ஆதரவு அது? மதிப்பீட்டுக் கூட்டத்தில் யாராவது "இது ஆராய்ச்சியா, சமூக சேவையா" என்று ஆரம்பித்தால் நீ வாயைத் திற.

அப்புறம், உங்கள் துறையில் இருக்கும் ஒரே கறுப்பினப் பேராசிரியையைத்தான் இந்தக் கமிட்டிக்கும் தலைவராக்கப் போகிறார்களாமே. ஏற்கெனவே எத்தனை கமிட்டி அவர் தலையில்! ஊர் வேலையெல்லாம் அவரைச் செய்யவைத்துவிட்டு, பதவி உயர்வு நேரத்தில் கட்டுரை எங்கே என்று கேட்பார்கள். அவரிடம் கேட்டுப் பார், வேண்டாம் என்றால் மினிட்ஸ் எழுதுவது, மெயில் அனுப்புவது எல்லாம் நீ எடுத்துக்கொள். கோடை விடுமுறையில் உன் மாணவிக்கு எந்தக் கணக்கிலிருந்து சம்பளம் வரும் என்று துறைத் தலைவரிடம் இப்போதே எழுத்தில் வாங்கி வை, மே மாதம் போய் நின்றால் கையை விரித்துவிடுவார்கள்.

அன்புடன்,
அப்பா