வெறுங்கால் நடையும் வீர வசனமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுந்தூர மலைப்பாதைகளை வெறுங்காலில் நடந்து கடப்பவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மகிழ்ச்சியோடு, இரண்டாம் முறை பேனாவோடு. பல ஆண்டுகளாகக் காலணி இல்லாமல் மலைப்பாதைகளில் நடந்துவருகிறவள் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

‘பல்லைக் கடித்துக்கொண்டு வலியை வெல்கிறவர்கள்’ என்று கட்டுரையாளர் எங்களுக்குச் சூட்டியிருக்கும் மகுடம் எங்களுக்குப் பொருந்தாது. வலியை வென்றே தீருவேன் என்று கிளம்புகிறவர் சில நாட்களிலேயே காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சுருக்கென்று குத்தியதும் பாரத்தை முழுக்க இறக்காமல் காலை எடுத்துவிடுவதுதான் இந்த நடையின் அடிப்படை. உள்ளங்கால் மரத்துப்போவதால்தான் நடக்க முடிகிறது என்று கட்டுரை சொல்வது அதைவிடத் தவறு. காய்ப்பு எவ்வளவு தடித்தாலும் தொடுவுணர்வு மங்குவதில்லை என்று கென்யாவிலும் அமெரிக்காவிலும் பலருடைய பாதங்களைச் சோதித்த ஆய்வு 2019இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. எனக்கு அது புதுச் செய்தியாகப் படவில்லை. ஈரமான வேரையும் காய்ந்த வேரையும் என் கால் பார்க்காமலே பிரித்துச் சொல்லும்.

இன்னொன்று, பாறைகளைக் கண்டு அஞ்ச வேண்டும் என்று எழுதியிருக்கிறார். பெரிய பாறை எங்களுக்கு நண்பன். வழுக்காத பாறையில் விரல்கள் விரிந்து பிடித்துக்கொள்ளும். சேறு, மணல், மக்கிய இலைகள் எல்லாம் சுகம்தான். நிஜமான எதிரி, வண்டிகள் போவதற்காக உடைத்த ஜல்லியைக் கொட்டி இறுக்கிய வழி. மண்ணில் கிடக்கும் கல் மிதித்தால் கொஞ்சம் அமிழும். கெட்டித் தரையில் கிடக்கும் ஜல்லி அமிழாது. அதன் முனைகள் உடைத்த கூர்மையோடு அப்படியே நிற்கும். முதுகில் பத்துப் பன்னிரண்டு கிலோ இருந்தால் ஒவ்வொரு முனையும் தன் பங்கை வசூலித்துவிடும். அரை நாள் மழையில் ஊறிய காலாக இருந்தால் கேட்கவே வேண்டாம். காய்ப்பு வெள்ளையாகி மெத்தென்றாகிவிடும், காய்ந்த நேரத்தில் ஒன்றும் செய்யாத சில்லுகூடக் கீறிவிடும்.

நடையின் வேகத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. நெடுந்தூரத்தில் முதலில் போட வேண்டியது அந்தக் கணக்குதான். கரடுமுரடான இடங்களில் என் நடை பாதியாகிவிடும். பூட்ஸ்காரர்கள் நான்கு நாளில் கடக்கும் பகுதிக்கு எனக்கு ஆறேழு நாள் ஆகலாம். அதற்கேற்ப உணவு கூடும், உணவு கூடினால் பை கனக்கும், பை கனத்தால் உள்ளங்காலில் அழுத்தம் ஏறும், நடை இன்னும் குறையும். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டது போலப் பறக்கிறவர்களுக்கு இது ஒத்துவராது. கொப்புளம் குறைவு என்பது உண்மை. ஈரக் காலுறைக்குள் உரசிக்கொண்டே இருப்பதால் வருகிற தொல்லை அது. அதற்குப் பதில் எங்களுக்குப் பித்தவெடிப்பு உண்டு. மாலையில் காலைக் கழுவித் துடைத்து, விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குதிகாலை விரலால் தடவித் தேட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத முள் விரலுக்குத் தட்டுப்படும். முள்வாங்கியால் எடுத்துவிட்டு வெடிப்புகளில் களிம்பைத் தேய்த்த பிறகுதான் சாப்பாடு.

கட்டுரையாளர் அபேபே பிகிலாவை இழுத்திருக்கிறார். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் அவர் வெறுங்காலில் ஓடித் தங்கம் வென்றது உண்மை. 1964இல் டோக்கியோவில் ஷூ அணிந்து ஓடி மறுபடியும் வென்றார் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். அதேபோல, வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை முதலில் ஊன்றுகிறார்கள் என்ற 2010ஆம் ஆண்டு ஆய்வு ஓட்டத்தைப் பற்றியது. அதை நடைக்குப் பொருத்தி, ‘விரல் நுனியால் நடக்கப் பழகுங்கள்’ என்று அறிவுரை சொல்வது கெண்டைக்காலுக்குக் கேடு. நடக்கும்போது வெறுங்கால்காரர்களும் பொதுவாகக் குதிகாலைத்தான் முதலில் வைக்கிறார்கள். வைக்கும் விதம் மட்டும் மென்மையாக இருக்கும்.

அவர் சொல்லியிருக்க வேண்டிய எடுத்துக்காட்டு வேறு. அமெரிக்காவில் ஜார்ஜியாவுக்கும் மெய்னுக்கும் இடையே 14 மாநிலங்கள் வழியாக ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் பாதையில், 2000ஆம் ஆண்டு லூசி, சூசன் லெட்சர் என்ற சகோதரிகள் மெய்னிலிருந்து தெற்கு நோக்கிக் கிளம்பினார்கள். நெடுந்தூரம் வெறுங்காலிலேயே நடந்தார்கள். ஜார்ஜியாவை எட்டிய பிறகு திரும்பி வடக்கேயும் நடந்தார்கள். ஆனால் குளிர்காலத்தில் வெண்பனி வந்தபோது காலணி போட்டுக்கொண்டார்கள். அதனால் அவர்கள் பெயர் ஒன்றும் கெட்டுவிடவில்லை. என் பையிலும் எப்போதும் ஒரு ஜோடி லேசான செருப்பு இருக்கும். ஜல்லி வழியிலும் இருட்டிலும் தயங்காமல் போட்டுக்கொள்வேன். ‘காலணியைத் தொடாதவரே உண்மையான நடையர்’ என்ற கட்டுரையின் வரியைப் படித்துவிட்டு யாராவது செருப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போனால், பனியில் விரலை இழக்க நேரிடலாம். உறைந்த விரலுக்கு முதலில் உணர்வு போய்விடும், வலித்துச் சொல்லாது.

மருத்துவப் பக்கத்தை மொத்தமாக விட்டுவிட்டது இன்னும் பெரிய குறை. நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் இதை முயலவே கூடாது. குத்தியது தெரியாமல் நடந்து, புண் ஆழமான பிறகுதான் அவர்களுக்குத் தெரியவரும். மற்றவர்களும் டெட்டனஸ் தடுப்பூசியைப் புதுப்பித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். மனிதக் கழிவு கலந்த ஈரமண் உள்ள வெப்பப் பகுதிகளில் கொக்கிப்புழுவின் இளம்புழு காயமில்லாத தோலையே துளைத்து உள்ளே போகும். முகாம்களைச் சுற்றி நானே செருப்பைத் தேடுவதற்கு அதுதான் காரணம். பழகாத பாதத்தோடு திடீரென்று தூரத்தைக் கூட்டினால் பாத எலும்புகளில் மெல்லிய விரிசல் விழக்கூடும். தோல் சில வாரங்களில் தடித்துவிடும், எலும்பும் தசைநாரும் பழக மாதங்கள் ஆகும். இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் அவசரப்படுகிறார்கள்.

கட்டுரையைப் படித்துவிட்டுப் புறப்படத் தயாராகும் வாசகர்கள் நிச்சயம் இருப்பார்கள். அடுத்த இதழில் பாத மருத்துவர் ஒருவரிடம் கேட்டு அரைப் பக்கமாவது வெளியிடுங்கள். பனியின் மேல் வெறும் பாதம் பதிந்திருக்கும் அந்த முழுப்பக்கப் படத்தை இணையப் பதிப்பிலிருந்தாவது எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி