கடைசி பஸ் வந்ததா என்று மன்றம் கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொதுப் போக்குவரத்துக்கும் சைக்கிளுக்குமான புதிய கொள்கை வரைவை எங்கள் நகர மன்றத்தின் ஆய்வுக் குழு ஒருமனதாக ஏற்றுக்கொண்டது என்று போன வாரம் உங்கள் நாளிதழில் செய்தி வந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் பார்வையாளர் வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். நூறு பக்கத்தைத் தாண்டும் அந்த வரைவைப் பற்றிப் பேச்சு நடந்தது நாற்பது நிமிடம்தான். எத்தனை பஸ் வாங்குகிறோம், எத்தனை கிலோமீட்டர் சைக்கிள் பாதை போடுகிறோம், வேலை எப்போது முடியும், இந்த மூன்றைத்தான் உறுப்பினர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அதிகாரிகள் எண்களை வாசித்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. நிறுத்தத்தில் நிற்கும் ஆள் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த வருத்தத்தில்தான் இந்தக் கடிதம்.

நான் 31 ஆண்டு பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு சின்னக் கூண்டு, ஒரு கடிகாரம், ஒரு பதிவேடு. எந்த பஸ் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது, எந்த நடை ரத்து, என்ன காரணம் என்று எழுதுவதுதான் என் வேலை. அதனால் ‘நாள்தோறும் இத்தனை நடை இயக்கப்படுகிறது’ என்று அறிக்கையில் ஒரு வரியைப் பார்த்தால், அந்த வரிக்குள் என்னென்ன ஒளிந்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஆறு பஸ். அவை சீராக வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருகிறவர் சராசரியாக ஐந்து நிமிடம் நிற்பார். அதே ஆறு பஸ்ஸும் இரண்டிரண்டாகச் சேர்ந்து, இருபது நிமிடத்துக்கு ஒரு ஜோடியாக வந்தால் அவர் நிற்பது பத்து நிமிடம். காத்திருப்பு இரட்டிப்பாகிவிட்டது. ஆனால் பதிவேட்டில் பாருங்கள், ஆறு நடையும் ஓடியிருக்கிறது! குறை என்று சொல்ல ஓர் எழுத்து இருக்காது.

பஸ்கள் இப்படிச் சேர்ந்து வருவதற்கு டிரைவர்களின் சோம்பல்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது அநியாயம். முன்னால் போகும் பஸ் ஒரு சிக்னலில் இரண்டு நிமிடம் மாட்டிக்கொள்கிறது என்றால், அடுத்த நிறுத்தத்தில் அந்த இரண்டு நிமிடத்துக்குள் இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துவிடுவார்கள். அவர்கள் ஏற நேரமாகும். அதனால் இன்னும் லேட். அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம். பின்னால் வருகிற பஸ்ஸுக்கோ ஏற ஆளே இருக்காது, அது வேகமாக வந்து முன்னதைப் பிடித்துவிடும். முதல் பஸ்ஸில் படிக்கட்டு வரை தொங்குவார்கள், இரண்டாவதில் ஜன்னல் ஓரம் காலியாகக் கிடக்கும். இதை நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். கூண்டுக்குள் இருந்தபடி என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: இரண்டாவது பஸ்ஸை நாலு நிமிடம் நிறுத்தி வைத்து அனுப்புவேன். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் என்னைத் திட்டுவார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த நாலு நிமிடம் அடுத்த பத்து நிறுத்தத்தில் நிற்கிறவர்களுக்காக.

இதை அளக்க முடியாது என்று யாரும் சொல்லக் கூடாது. லண்டனில் அடிக்கடி ஓடும் தடங்களுக்கு, அட்டவணைப்படி நிற்க வேண்டியதைவிட பயணி கூடுதலாக எவ்வளவு நேரம் நின்றார் என்றே அளக்கிறார்கள். பஸ் ஓட்டும் நிறுவனங்களுக்கான ஒப்பந்தத்தில் ஊக்கத்தொகையும் பிடித்தமும் 2001 முதல் அந்த அளவோடு கட்டப்பட்டிருக்கின்றன. இன்றைக்குப் பெரும்பாலான பஸ்களில் ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. நான் பேனாவால் எழுதியதை அந்தக் கருவி நொடிக்கு நொடி எழுதுகிறது. கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கேட்க வேண்டியது மன்றம்.

அப்புறம், கடைசி நடை. டெப்போவில் ஒரு பஸ் பழுதாகிவிட்டால், அல்லது ஒரு டிரைவர் லீவு போட்டுவிட்டால் எதை ரத்து செய்வார்கள்? கூட்டம் இருக்கும் காலை நடையில் கை வைக்க மாட்டார்கள். ஆள் குறைவான கடைசி நடைதான் போகும். நிர்வாகத்தின் பக்கம் நின்று பார்த்தால் அது புத்திசாலித்தனமாகத்தான் தெரியும், நானே அப்படி எழுதி அனுப்பியிருக்கிறேன். மாதக் கணக்கில் பார்த்தால் மொத்த நடையில் அது ஒரு சிறு துளி. ஆனால் காலையில் ஒரு நடை போனால் அடுத்தது பத்து நிமிடத்தில் வரும். இரவில் போனால் அடுத்தது விடிந்த பிறகுதான்.

ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. எங்கள் தெருமுனை நிறுத்தத்தில் ஒரு மாதம் இரவு ஒன்பதே முக்காலுக்குப் போய் உட்கார்ந்து நோட்டில் குறித்தேன். ஏழு நாள் கடைசி பஸ் வரவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டாவது ஷிப்ட் முடித்து வரும் ஒரு நர்ஸ் அந்த நிறுத்தத்தில் தினமும் நிற்பார். பஸ் வராது என்று தெரிந்ததும் அவர் செய்வது ஒன்றுதான். கைப்பையைக் குறுக்காக மாட்டிக்கொள்வார், போனை எடுத்து வீட்டுக்குச் சொல்வார், விளக்கு இல்லாத அந்த நீளமான மதில் ஓரமாக நடக்கத் தொடங்குவார். ஒரு நாள் என்னிடம் கேட்டார், “ஐயா, வராதுன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்களா? தெரிஞ்சா யாரோடயாவது சேர்ந்து போயிடுவேனே.” எனக்கு பதில் சொல்லத் தெரியவில்லை. அறிக்கையில் அந்த ஏழு இரவும் ஒரு தசமப் புள்ளிக்குப் பின்னால் போய்விடும்.

ஆகவே, மொத்தத்தில் எத்தனை சதவீதம் ரத்து என்று கேட்டால் போதாது. எந்தத் தடத்தில், எத்தனை மணி நடை, தொடர்ந்து எத்தனை நாள் என்று உறுப்பினர்கள் கேட்க வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

இனி சைக்கிள். எனக்கு வயது 67, இன்றும் சைக்கிளில்தான் போய்வருகிறேன். பழைய திட்டத்தில் போட்ட சைக்கிள் பாதை ஒன்று பள்ளிக்கூடத்துச் சாலையில் இருக்கிறது. பாதை என்றால் ஒரு பச்சைப் பட்டை. முக்கால்வாசி தூரம் நன்றாகத்தான் இருக்கிறது. நாலு ரோடு சந்திப்புக்கு முப்பது அடி இருக்கும்போது பச்சை நின்றுவிடுகிறது. எங்கே லாரி திரும்புகிறதோ, எங்கே பஸ் ஓரம் கட்டுகிறதோ, சைக்கிள்காரருக்கு எங்கே பாதை மிகவும் தேவையோ, சரியாக அங்கே இல்லை. பிள்ளைகள் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார்கள். இதுவும் கிலோமீட்டர் கணக்கில் சேர்ந்துவிட்டது.

அதே பாதையில் மழைநீர் வடிகாலுக்கு இரும்புக் கம்பி மூடி போட்டிருக்கிறார்கள். கம்பிகள் சைக்கிள் போகும் திசையிலேயே நீளவாக்கில் இருக்கின்றன. இரண்டு கம்பிக்கு நடுவில் என் கட்டைவிரல் தாராளமாக நுழைகிறது, சைக்கிள் டயரும் அப்படித்தான் நுழையும். ஜூன் மாதத்தில் ஒரு காலை, எனக்கு முன்னால் போன ஏழாம் வகுப்புப் பிள்ளையின் முன் சக்கரம் அதில் இறங்கி அப்படியே நின்றுவிட்டது. பிள்ளை கைப்பிடிக்கு மேலாகப் போய் விழுந்தாள். முழங்கையும் தாடையும் கிழிந்தன. பின்னால் வண்டி எதுவும் வராதது அவள் பெற்றோர் செய்த புண்ணியம். அந்த மூடியைத் தூக்கி, கம்பிகள் குறுக்கே வருமாறு திருப்பி வைத்தால் போதும். சதுர மூடி, இரண்டு ஆள், கால் மணி நேரம். நான் எழுதிக் கொடுத்தேன். பாதை ஒரு பிரிவு, வடிகால் இன்னொரு பிரிவு என்றார்கள். கடிதம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. மூடி இன்னும் நீளவாக்கில்தான் இருக்கிறது.

குழு உறுப்பினர்கள் அந்தப் பாதையில் ஒரே ஒரு முறை, காலை எட்டரை மணிக்கு, சைக்கிள் ஓட்டிப் போயிருந்தால் இது முதல் நாளே தெரிந்திருக்கும். ஸ்பெயின் நாட்டு செவில் நகரத்தைப் பற்றிச் சைக்கிள்காரர்கள் அடிக்கடி பேசுவார்கள். 2006-ஐ ஒட்டித் தொடங்கி சில ஆண்டுகளுக்குள் அங்கே சைக்கிள் பயணம் பல மடங்கு கூடியது. பாதையைத் துண்டு துண்டாகப் போடாமல், முதல் கட்டத்திலேயே சுமார் 80 கிலோமீட்டரை ஒன்றோடொன்று இணைத்து, மோட்டார் வண்டிகளிடமிருந்து பிரித்துப் போட்டார்கள். வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை அறுபடாமல் போக முடிந்தால்தான் ஒரு தாய் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்புவாள். நடுவில் முப்பது அடி அறுந்தாலும் அனுப்ப மாட்டாள். அந்த முப்பது அடி, மீதி அத்தனை கிலோமீட்டரையும் வீணாக்கிவிடுகிறது.

‘பஸ் எங்கள் கையில் இல்லையே, நாங்கள் என்ன செய்ய முடியும்’ என்று ஓர் உறுப்பினர் கூட்டத்தில் சொன்னார். உண்மைதான். பல ஊர்களில் பஸ் ஒருவர் கையில், நிறுத்தம் இன்னொருவர் கையில், சாலை மூன்றாமவர் கையில். ஆனால் கையில் இல்லாததைப் பற்றியும் கேள்வி கேட்கலாமே? இங்கிலாந்தில் லண்டன் தவிர மற்ற இடங்களில் 1986-இல் பஸ்களைத் தனியார் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். எந்தத் தடம், எந்த நேரம் என்று நிறுவனங்களே முடிவு செய்தன. கிரேட்டர் மான்செஸ்டர் வட்டாரம் விடாமல் போராடி, 2023 செப்டம்பரில் தொடங்கி 2025 ஜனவரிக்குள் எல்லாத் தடங்களையும் பொதுக் கட்டுப்பாட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. அதிகாரம் கைக்கு வந்த பிறகு கேட்கலாம் என்று காத்திருந்தால் அதிகாரம் வராது.

அதே நாட்டில் 2000-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. நிர்வாகக் குழு எடுத்த முடிவை, அது நடைமுறைக்கு வருவதற்கு முன்பே ஆய்வுக் குழு திரும்ப அழைத்து, ‘மறுபடி யோசியுங்கள்’ என்று சொல்லலாம். எங்கள் குழுவிடம் வரைவு வந்ததோ டெண்டருக்கு விட வேண்டிய நிலையில். ஆறப்போட நேரமில்லை என்றார்கள். அதை ஆய்வு என்று எப்படிச் சொல்வது?

சென்னை மாநகராட்சி 2014-இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒரு வரி எந்த ஊர்க் கொள்கையில் இருந்தாலும், ஆண்டுதோறும் பட்ஜெட்டோடு பக்கத்தில் வைத்து அந்த வரியைச் சத்தமாகப் படிக்க ஒருவர் வேண்டும். கோபன்ஹேகனில் 1990-களின் நடுவிலிருந்தே சைக்கிளுக்கென்று ஒரு கணக்கறிக்கை வெளியிடுகிறார்கள், பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. எவ்வளவு பாதை என்பதோடு, ஓட்டுகிறவர் எவ்வளவு பாதுகாப்பாக உணர்கிறார் என்றும் மக்களைக் கேட்டு அதில் எழுதுகிறார்கள். எங்கள் வரைவில் பயம் என்ற சொல்லை நான் தேடினேன். இல்லை.

எங்கள் உறுப்பினர்கள் கெட்டவர்கள் இல்லை. தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் நள்ளிரவில் போன் செய்தாலும் எடுக்கிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு வரைவை முன்கூட்டியே, குறைந்தது ஒரு மாதம் முன்பாவது கொடுக்க வேண்டும். சாதாரண மொழியில் கொடுக்க வேண்டும். டிரைவர், கண்டக்டர், சக்கர நாற்காலியில் வருகிறவர், பள்ளிப் பிள்ளை எல்லோரையும் குழு முன்னால் அழைத்துப் பேசவைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே அதிகாரிகளை அழைத்து, சொன்னது நடந்ததா என்று கேட்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை யாரும் செய்வதில்லை என்பதுதான் என் மனக்குறை. தீர்மானம் நிறைவேறியதும் கோப்பு மூடப்படுகிறது, அடுத்த கொள்கை வரும்வரை அதை யாரும் திறப்பதில்லை.

குழு அடுத்த மாதம் மறுபடி கூடுகிறது. என் நோட்டின் நகலை ஒவ்வொரு உறுப்பினருக்கும் எடுத்து வைத்திருக்கிறேன், அந்த வடிகால் மூடியின் படத்தையும் சேர்த்து. கூட்டம் முடிந்த அன்று இரவு அவர்களில் இரண்டு பேராவது என்னோடு தெருமுனை நிறுத்தத்துக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்பதே முக்காலுக்கு வந்தால் போதும். அந்த நர்ஸும் அங்கே இருப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டைம் கீப்பர் ஒருவர்