நீக்கவும் முடியாமல் நிறுவவும் முடியாமல் நிற்கும் உங்கள் சர்வர் பாதுகாப்பு மென்பொருள்: புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஈரோட்டில் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் சிறிய அலுவலகம் நடத்துகிறேன். முதலாளியும் நானே, சர்வரைப் பார்த்துக்கொள்பவனும் நானே. உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் அந்த ஒரே சர்வரில் மூன்றாண்டுகளாக உங்கள் மென்பொருள்தான் இருந்தது. உரிமத்தைப் புதுப்பித்ததும், பழைய பதிப்பை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவச் சொன்னீர்கள். உங்கள் கையேட்டில் உள்ளபடியே செய்தேன். இன்று பதினேழாவது நாள்.

பழைய மென்பொருள் பொதி நீங்கிவிட்டது என்று உபுண்டுவின் நிறுவல் கருவியான ஏபிடி சொல்கிறது. புதிய பொதியோ, பழையது இன்னும் இருக்கிறது, முதலில் அதை நீக்குங்கள் என்று நின்றுவிடுகிறது. பொதிகளின் நிலையைக் காட்டும் டிபிகேஜி பட்டியலில் உங்கள் மென்பொருளின் பெயருக்கு எதிரே 'ஆர்சி' என்று இருக்கிறது. பொதி போய்விட்டது, அமைப்புக் கோப்புகள் போகவில்லை என்று பொருள். அவற்றையும் சேர்த்து அழிக்கும் 'பர்ஜ்' கட்டளையைக் கொடுத்தால் தீர வேண்டும். தீரவில்லை. உங்கள் ஆட்கள் பார்க்காததால் இரவு ஒரு மணிக்கு நானே, பொதியை நீக்கிய பின் ஓடும் உங்கள் 'போஸ்ட்ஆர்எம்' நிரலைத் திறந்து படித்தேன். மிச்சத்தைத் துடைக்க அது கூப்பிடும் கருவி உங்கள் பொதியின் அடைவிலேயே இருக்கிறது. அந்த அடைவைத்தான் 'ரிமூவ்' கட்டளை முதலிலேயே அழித்துவிட்டதே! இதை எழுதியவர் ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்தாரா? அந்த வரியை நானே திருத்திவிடலாம்தான். ஆனால் கை வைத்தால் ஆதரவு கிடையாது என்று உங்கள் ஒப்பந்தம் மிரட்டுகிறது.

இதை உதவி மையத்தில் சொன்னபோது ஒருவர் கேட்டார்: "லினக்ஸ் தெரியாதவர்கள் எல்லாம் ஏன் சார் சர்வர் வைத்துக்கொள்கிறீர்கள்? ஃபார்மட் செய்துவிடுங்கள்." அழைப்புகள் பதிவு செய்யப்படும் என்று ஒவ்வொரு முறையும் உங்கள் இயந்திரக் குரல் சொல்கிறதே, அந்தப் பதிவை எடுத்து நீங்களே கேளுங்கள். அழித்து எழுத அது என் பிள்ளையின் சிலேட்டா? நாற்பது பேருடைய கணக்கு அதில் இருக்கிறது.

அதற்கும் முன்பு நடந்த கூத்தை விட்டுவிட்டேன். உரிமச் சான்றோடு கோயம்புத்தூர் கிளைக்கு நேரில் வந்தால் தனி நீக்கக் கருவி தருவோம் என்றார்கள். காலை ஆறு மணிக்கு பஸ் ஏறினேன். பதினொரு மணி வரை வாசலில் நின்றேன். அன்று எல்லோருக்கும் பயிற்சியாம். காவலாளி, பாவம், தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். உங்கள் நிறுவனத்தில் என்னிடம் மரியாதையாகப் பேசிய ஒரே ஆள் அவர்தான். தொடர்புக்கு என்று அவர் நீட்டிய சீட்டில் இருந்தது, நான் ஏற்கெனவே பதினொரு முறை அழைத்த அதே இலவச எண்.

இதற்கிடையில் 20ஆம் தேதி வந்தது, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்தர ஜிஎஸ்டி படிவத் தாக்கலுக்குக் கடைசி நாள். மிஞ்சிக் கிடந்த உங்கள் கர்னல் மாட்யூல் (இயங்குதளத்தின் மையப் பகுதியோடு சேர்ந்து ஓடும் துண்டு நிரல்) ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் ஏறிக்கொண்டு, எந்தக் கோப்பையும் திறக்க விடவில்லை. ஆறு பேருக்கு இரண்டு நாள் தாமதம். நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணத்தை என் கையிலிருந்து கட்டினேன். 600 ரூபாய்தானே என்று நினைக்காதீர்கள். நூல் வியாபாரி ஒருவர் கோப்புகளை வாங்கிக்கொண்டு வேறிடம் போய்விட்டார். பெயர் போனது, தூக்கம் போனது. எப்படிக் கணக்குப் போட்டாலும் நஷ்டம் இரண்டு லட்சத்துக்குக் குறையாது. அந்த மாட்யூலைத் தடைப்பட்டியலில் போட்டுவிட்டு, பணம் கட்டிய பாதுகாப்பு எதுவும் இல்லாமல் இப்போது சர்வரை ஓட்டுகிறேன்.

சண்டை போடுவது என் நோக்கமல்ல. திருத்திய நிரலை அனுப்புங்கள், அல்லது விவரம் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். காபி என் செலவு. ஏழு நாளில் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். வணிகப் பயன்பாடு என்று நழுவப் பார்க்காதீர்கள்; சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கியவனும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. உரிமக் கட்டணத்தைத் திருப்பித் தந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

பதில் எழுத்தில் வரட்டும். தயவுசெய்து, மறுதொடக்கம் செய்து பார்த்தீர்களா என்று மட்டும் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மூன்றாண்டு வாடிக்கையாளர்,
ஈரோடு