பெயர் விட்டுப்போன அறிக்கை

அன்பு மகளுக்கு,

போன வாரம் போனில், "கோவிலுக்கு அம்மா அப்படி என்னப்பா செய்யுறாங்க, துணி துவைக்கிறதுதானே?" என்று கேட்டாய். அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

துணிதான். பலிபீடத்தில், ஆண்டவரின் திருவுடலாக மாறும் நற்கருணை அப்பத்துக்கு அடியில் விரிக்கும் வெள்ளைத் துணியும், கிண்ணம் துடைக்கும் சிறு துணிகளும். ஆண்டவரின் திருவுடலில் ஒரு துகளாவது அவற்றில் ஒட்டியிருக்கலாம். அதனால் அம்மா முதலில் அவற்றைத் தனியாக அலசி, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் மண்ணில் ஊற்றுவாள். அப்புறம்தான் சோப்பு, இஸ்திரி எல்லாம். 22 வருடமாக இப்படித்தான். திடீரென்று ஒரு ஞாயிறு அந்தத் துணி இல்லையென்றால் பூசை தொடங்க முடியாது.

நம் பங்கின், அதாவது நம் கோவிலைச் சேர்ந்த மக்களின், பேரவை ஆண்டறிக்கையை இத்தனை வருடம் எழுதியவன் நான். கூரை மாற்றியதை எழுதினேன், நன்கொடை தந்தவர்களை எழுதினேன். அம்மாவை எழுதவில்லை. பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்கு அவர்களைத் தயார் செய்கிறவர்களையும் எழுதவில்லை. துக்க வீட்டில் செபமாலை முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகும், கணவனை இழந்தவளின் பக்கத்திலேயே விடியும்வரை உட்கார்ந்திருக்கிற பெண்கள் உண்டு. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது பங்குத்தந்தைக்கே அவர்கள் சொல்லித்தான் தெரிகிறது. அவர்களையும் விட்டுவிட்டேன். இது என் தவறு, மகளே.

நற்செய்தி எழுதிய லூக்கா பெண்களை விடவில்லை. 8ஆம் அதிகாரத்தில் மகதலா மரியா, யோவன்னா, சூசன்னா என்று பெயர் சொல்லி, தங்கள் உடைமையைக் கொண்டு இயேசுவுக்கும் சீடருக்கும் பணிவிடை செய்தார்கள் என்று எழுதிவைத்தார். பவுல் உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் கடைசி அதிகாரமே பெபேயா என்ற பெண்ணின் பெயரோடுதான் தொடங்குகிறது.

நமக்குத்தான் தாமதமாகிறது. பிரான்சின் லியோன் நகரில் பவுலின் ஜாரிக்கோ என்ற இளம்பெண், பட்டு ஆலையில் வேலை பார்த்த பெண்களைப் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்து, வாரம் ஒரு சிறு காசு மறைபரப்புப் பணிக்காக வாங்கினார். 1822இல் அது மறைபரப்புச் சங்கமாக வளர்ந்தது. அவரோ 1862இல் வறுமையில் இறந்தார். புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கிடைத்தது 2022இல். 160 வருடம்! எனக்கு ஆறவே இல்லை.

இந்த வருட அறிக்கையைப் பெண்களின் பெயர்களிலிருந்து தொடங்கியிருக்கிறேன். அம்மாவிடம் காட்டினேன். தன் பெயருக்கு மேலே, தனக்குத் துணி மடிக்கக் கற்றுத்தந்த பெரியவரின் பெயர் வரவேண்டும் என்றாள். அவர் இறந்து பல காலமாயிற்று. எல்லாரும் அவரைப் பெரியம்மா என்றே கூப்பிட்டோம். உண்மைப் பெயர் அம்மாவுக்கும் தெரியவில்லை. நாளை பங்கின் பழைய பதிவேடுகளில் தேடப்போகிறேன்.

உனக்கு மறைக்கல்வி சொல்லித்தந்த டீச்சரின் முழுப்பெயர் நினைவிருந்தால் சீக்கிரம் எழுது.

அன்புடன்,
அப்பா