பந்து வருவதற்கு முன்னால்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, மாடிப்படி ஏறுகிறாள். நீ அனுப்பிய டென்னிஸ் மேட்ச் வீடியோவை முழுசாகப் பார்த்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்றுதான் ஆரம்பித்தேன். பேசப் பேச நீண்டுகொண்டே போனது, அதிலும் பாதி இருமல். அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நீ மூன்று கேள்வி கேட்டிருந்தாய். லீகில் ஆட்டத்தரம் 3.0-லிருந்து 3.5-க்குப் போக என்ன செய்வது, சர்வை வேகமாகப் போடுவது எப்படி, ராக்கெட்டை மாற்றலாமா. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். உன் ராக்கெட் நல்ல ராக்கெட். அதில் கட்டியிருக்கிற பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்கை மட்டும் அறுத்துப் போட்டுவிட்டு, மெத்தென்று இருக்கிற மல்டிஃபிலமென்டைக் கொஞ்சம் தளர்வாகக் கட்டச் சொல். பாலியெஸ்டர் விறைப்பான சரக்கு. ஓங்கி வீசி, அடிக்கடி மாற்றிக் கட்டிக்கொள்கிறவர்களுக்கு அது சரி. வாரத்தில் இரண்டு நாள் ஆடுகிற உனக்கு அதனால் மிஞ்சப் போவது முழங்கை வலிதான். டிவியில் வருகிறவர்கள் கட்டியிருக்கிறார்கள் என்று கடைக்காரர் சொல்லத்தான் செய்வார். அவருக்கும் கடை ஓட வேண்டுமே.

மற்ற இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது.

இரண்டாவது செட்டில் 4-4, உன் சர்வ், 30-40, போனால் அந்த கேமே போகும் என்று இருந்ததே, அந்தப் பாயிண்டை மறுபடி போட்டுப் பார். எதிரே ஆடுகிற பெண் ஃபோர்ஹேண்டை உன் பேக்ஹேண்ட் பக்கம், அதாவது இடப்பக்கம், அடிக்கிறாள். பெரிய அடி ஒன்றும் இல்லை. அவள் அடிக்கிற நேரத்தில் உன் இரண்டு குதிகாலும் தரையில் பதிந்திருக்கின்றன, முழங்கால் நேராக நிற்கிறது. பந்து நெட்டைத் தாண்டிய பிறகுதான் நீ அசைகிறாய். பந்து உன் பக்கம் தரையில் குத்தும்போது ராக்கெட் இன்னும் வயிற்றுக்கு நேராக இருக்கிறது. அதன் பிறகு அவசரமாகப் பின்னால் இழுத்து, பந்து இடுப்பைத் தாண்டிப் போனபின் மணிக்கட்டால் தட்டுகிறாய். நெட். உடனே ராக்கெட்டைத் தூக்கி ஸ்ட்ரிங்கைப் பார்க்கிறாய். பாவம், ஸ்ட்ரிங் என்ன செய்யும்?

என்னிடம் நீ சொன்னது “பேக்ஹேண்ட் போச்சுப்பா” என்று. போகவில்லை. பந்து நேராகக் கைக்கு வந்த நேரமெல்லாம் அதே பேக்ஹேண்டை அழகாக அடித்திருக்கிறாய். அன்று தப்பிப்போனது கால்.

பந்து ராக்கெட்டின் ஸ்ட்ரிங்கில் ஒட்டியிருக்கிற நேரம் ஏறக்குறைய 5 மில்லி செகண்ட். கண் இமைக்கவே அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். அந்த நேரத்துக்குள் யாராலும் எதையும் திருத்த முடியாது. ராக்கெட் எந்தக் கோணத்தில் வருகிறது, எந்த உயரத்திலிருந்து வருகிறது, உன் எடை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எல்லாம் அதற்கு முன்னாலேயே முடிவாகிவிட்ட சங்கதி. கோர்ட்டின் நீளம் 78 அடி. பந்து கிளம்பும் திசை ஒரே ஒரு டிகிரி விலகினாலும் அந்த முனைக்குப் போவதற்குள் ஒன்றே கால் அடிக்கு மேல் தள்ளிப்போய்விடும். அதனால் “அடிக்கும்போது என்ன தப்பு செய்தேன்” என்று யோசிப்பதை விடு. அடிப்பதற்கு முன்னால் எங்கே நின்றாய் என்று பார்.

முதல் வேலை, ஸ்ப்ளிட் ஸ்டெப். தெரியும் என்பாய். தெரிகிறது, செய்யவில்லை. எதிராளியின் ராக்கெட் முன்னால் வரத் தொடங்கும்போது ஒரு சின்னக் குதி. பாதம் தரையைவிட்டு ஓரிரண்டு அங்குலம் எழும்பினால் போதும். அவள் ராக்கெட்டில் பந்து படுகிற நேரமும் உன் கால் தரையைத் தொடுகிற நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கால்கள் தோளைவிடச் சற்று அகலமாக, முழங்கால் மடங்கி, எடை முன்பாதத்தில். இப்படி இறங்கினால் எந்தப் பக்கமும் உடனே கிளம்பலாம். முன்கூட்டியே குதித்து முடித்துவிட்டால் மறுபடி கல் மாதிரி நின்றுவிடுவாய், தாமதமாகக் குதித்தால் பந்து போகும்போது நீ அந்தரத்தில் இருப்பாய். நேரம் பிடிபடத்தான் கொஞ்ச நாள் ஆகும். ஒரு பயிற்சி செட்டை இதற்கென்றே ஒதுக்கிவிடு. ஸ்கோர் எண்ணாதே, தோற்றாலும் கவலைப்படாதே. எதிராளி அடிக்கிற ஒவ்வொரு பந்துக்கும் குதித்தேனா என்பது மட்டும்தான் அன்றைய கணக்கு.

இரண்டாவது, தோள். பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்த மறுகணம் தோள் திரும்ப வேண்டும். ராக்கெட்டைத் தனியாகக் கையால் பின்னுக்கு இழுக்காதே. இடது கை ராக்கெட்டின் கழுத்தைப் பிடித்தபடியே இருக்கட்டும். தோள் திரும்பினால் ராக்கெட் தானாகப் பின்னால் போகும். வீடியோவில் இதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. பந்து நெட்டைத் தாண்டும் இடத்தில் நிறுத்து. அப்போதே தோள் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் அந்த அடி பெரும்பாலும் நல்லபடியாகத்தான் போகும். உன் வீடியோவில் அப்படித் திரும்பிய பந்தையும் திரும்பாத பந்தையும் நீயே பிரித்துப் பார், நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கப்புறம் சின்னச் சின்னக் காலடியாக வைத்து, பந்து முன்காலுக்குச் சற்று முன்னால் இடுப்பு உயரத்தில் கிடைக்கும்படி நின்றுகொள். கடைசி நேரத்தில் ஒரே தாவாகத் தாவுவது உன் பழக்கம், சின்னப் பிள்ளையிலிருந்தே. பஸ் பிடிப்பதும் அப்படித்தான்.

கிளப்பில் மெம்பர்களோடு ஆடிப் பழக்கிவிடுகிற மார்க்கராக நான் இருந்த காலத்தில் பழைய மெம்பர்கள் ஆடி முடித்து பெஞ்சில் உட்கார்ந்தால் ராமநாதன் கிருஷ்ணனைப் பற்றித்தான் பேசுவார்கள். 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றவர். 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். 1961 காலிறுதியில் அவரிடம் நேர் செட்களில் தோற்றவர் ராய் எமர்சன். அந்த எமர்சன் பின்னால் இரண்டு முறை விம்பிள்டன் சாம்பியன் ஆனார். கிருஷ்ணனிடம் பயமுறுத்துகிற சர்வ் கிடையாது. அவர் மகன் ரமேஷும் அப்படியே. சர்வைப் பார்த்தால் பயிற்சி ஆட்டமோ என்று தோன்றும். ஆனால் 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில், அப்போது உலகின் முதல் இடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரை அவர்தான் வெளியே அனுப்பினார். அப்பாவும் பிள்ளையும் பந்து வரும் இடத்துக்கு முன்கூட்டியே போய்விடுவார்கள், ஓடியது போலவே தெரியாது. பந்தைச் சீக்கிரமே எடுத்து, வருகிற வேகத்தையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். “கிருஷ்ணனுக்குக் கை அற்புதம்” என்று மெம்பர்கள் சிலாகிப்பார்கள். ரமேஷ் ஆடும்போது நான் பார்த்ததெல்லாம் காலைத்தான்.

சரி, சர்வுக்கு வருகிறேன். வேகத்தை இப்போதைக்கு மறந்துவிடு. நீ ராக்கெட்டைத் தோசைத் திருப்பி பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு சர்வ் போடுகிறாய். அந்தப் பிடியில் பந்தைத் தள்ளத்தான் முடியும், மணிக்கட்டும் முன்கையும் சுழலாது. கைப்பிடிக்கு 8 பட்டை உண்டு. ராக்கெட்டின் விளிம்பு தரையைப் பார்க்கும்படி செங்குத்தாகப் பிடித்தால் மேலே தெரிவது முதல் பட்டை. அதற்கு வலப்பக்கம் சாய்வாக இருப்பது இரண்டாவது. ஆள்காட்டி விரலின் அடிமுட்டி அதன்மேல் உட்கார வேண்டும். அதுதான் கான்டினென்டல் பிடி. முதலில் பந்தெல்லாம் இடது பக்கம் ஓடும், எரிச்சல் வரும், பழைய பிடிக்குப் போய்விடலாம் என்று தோன்றும். போகாதே. நெட்டுக்கு முன்னால் பந்து தரையில் குத்துமுன் அடிக்கிற வாலிக்கும் இதே பிடிதான் என்பதால் ஒரே பாடத்தில் இரண்டு காரியம் முடிகிறது.

சர்வுக்காகப் பந்தை மேலே போடுகிற டாஸையும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஊருக்குப் போகிறது. சில பந்து தலைக்குப் பின்னால், சில பந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில். அடிக்காமல் டாஸை மட்டும் பழகு. பந்தை உள்ளங்கையில் வைத்து அமுக்காமல் விரல் நுனிகளில் பிடி. முழங்கையை மடக்காமல் கையை மேலே கொண்டுபோ, கண் உயரம் வந்ததும் விட்டுவிடு. விட்ட பிறகும் கை மேலேயே இருக்கட்டும். பந்து கீழே விழ விட்டுப் பார்த்தால் முன்காலுக்கு ஓர் அடி முன்னால், கோட்டுக்கு உள்ளே, சற்று வலப்பக்கமாக விழ வேண்டும். தரையில் ஒரு சாக்பீஸ் வட்டம் போட்டுக்கொள். கோணலாகப் போன டாஸை அடிக்காமல் பிடித்துக்கொண்டு மறுபடி போடலாம், விதியே அனுமதிக்கிறது. நீ மரியாதைக்காகவோ என்னவோ எல்லா டாஸையும் அடித்துவிடுகிறாய்.

இரண்டாவது சர்வை பயந்து மெதுவாகத் தட்டாதே. வீச்சு அதே வேகத்தில்தான் இருக்க வேண்டும். பந்தின் முதுகைக் கீழிருந்து மேலாக உரசினால் சுழற்சி கூடும். நெட்டுக்கு மேலே நன்றாக எழும்பிப் போய் உள்ளே இறங்கிவிடும். பெலாரஸ் வீராங்கனை சபலென்கா 2022 தொடக்கத்தில் ஆட்டத்துக்கு ஆட்டம் இரண்டு சர்வையும் தவறவிட்டு டபுள் ஃபால்ட்டாகப் போட்டுத் தவித்தது உனக்கு நினைவிருக்கும், நீதான் அந்த வீடியோக்களை எனக்கு அனுப்பினாய். அவ்வளவு உச்சத்தில் ஆடுகிறவள், சர்வின் அசைவை அடியிலிருந்து பிரித்துத் திருத்திக்கொண்டு, 2023 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றாள். அவளுக்கே அடிப்படைக்குத் திரும்பிப் போவதில் கூச்சம் இல்லை.

எங்கே அடிப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சந்தேகம் வந்தால் கிராஸ் கோர்ட். நெட் கம்பத்தருகே மூன்றரை அடி, நடுவில் மூன்றே அடி. குறுக்காக அடித்தால் பந்து அந்தத் தாழ்வான நடுப்பகுதியைத் தாண்டிப் போகிறது. ஒற்றையர் கோர்ட்டின் மூலையிலிருந்து மூலைக்கு 82 அடிக்கு மேல் வரும். நேராகப் போனால் 78 தான். நெட்டும் தாழ்வு, இடமும் நாலரை அடி கூடுதல். உன் மேட்சில் வின்னராக, அதாவது எதிராளியால் தொட முடியாத அடியாக, முடிந்த பாயிண்ட் மிகக் கொஞ்சம், உனக்கும் சரி, அவளுக்கும் சரி. மற்றதெல்லாம் யாரோ ஒருவர் நெட்டில் போட்டதாலோ வெளியே அடித்ததாலோ முடிந்தவை. 3.5 என்பது பெரும்பாலும் அந்த இன்னொரு பந்தையும் உள்ளே போடுகிறவர்களின் இடம். நீ கோட்டோரம் குறிவைத்துத் தொலைத்த ஃபோர்ஹேண்டுகளை நெட்டுக்கு மூன்றடி மேலே குறுக்காக அனுப்பியிருந்தால் மூன்றாவது செட்டுக்குப் பதிலாக ஆடிய அந்த சூப்பர் டை பிரேக்கே தேவைப்பட்டிருக்காது.

பயிற்சிக்கு ஆள் கிடைப்பதில்லை என்கிறாய். உங்கள் அபார்ட்மென்ட் கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு வெறும் சுவர் தெரிகிறதே, வீடியோவில் பார்த்தேன். அதில் மூன்றடி உயரத்தில் ஒரு கோடு இழு. கோட்டுக்கு இரண்டு மூன்றடி மேலே குறிவைத்து மெதுவாக அடி. பந்து சீக்கிரம் திரும்பி வந்து உன்னைத் திணறடித்தால் தள்ளி நின்றுகொண்டு இரண்டு குத்து குத்தவிட்டு எடு. ஒவ்வொரு அடிக்கும் குதி, தோள், சின்னக் காலடிகள். சுவரை ஜெயிக்க வேண்டும் என்று ஓங்கி அடிக்க ஆரம்பித்தால் அன்றைய பயிற்சியை அத்தோடு நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போ. ஆள் கிடைக்கிற நாளில், இரண்டு பேரும் சர்வீஸ் கோட்டுக்குள் நின்று பத்து நிமிஷம் மினி டென்னிஸ் ஆடிவிட்டுப் பின்னால் போங்கள். வந்ததும் கோர்ட்டின் கடைசிக் கோடான பேஸ்லைனுக்கு ஓடி ஓங்கி அடிக்கிற வழக்கம் கிளப் மெம்பர்களுக்கே உரியது. அவர்களுக்கு எட்டரை மணிக்கு ஆபீஸ் இருந்தது.

டாலஸில் வெயில் நம் ஊர் வெயிலையே மிஞ்சும் என்று சொன்னாய். ஹார்ட் கோர்ட்டின் கெட்டித் தரை சூட்டைத் திருப்பி முகத்தில் அடிக்கும், பாதத்தையும் முட்டியையும் பதம் பார்க்கும். அதனால் காசு செலவழிக்க ஆசையாக இருந்தால் ஷூவில் செலவழி. ஓடுவதற்கான ஷூ போட்டுக்கொண்டு ஆடாதே, பக்கவாட்டில் திரும்பும்போது கணுக்கால் பிசகும். கைப்பிடி வியர்வையில் வழுக்கினால் ஓவர்கிரிப்பை மாற்று. அதில் கஞ்சத்தனம் பார்த்தால் கை இறுகிப் பிடிக்கும், இறுகினால் தோள் வரைக்கும் விறைத்துவிடும்.

ஒரு மூன்று மாதம் லீக் முடிவைப் பற்றி எனக்குச் சொல்லாதே. ஜெயித்தாயா என்று அம்மா கேட்பாள், அவளிடம் சொல்லிக்கொள். எனக்கு அடுத்த வீடியோவை மட்டும் அனுப்பு. இந்தத் தடவை போனை நெட் கம்பத்தில் மாட்டாமல், பேஸ்லைனுக்குப் பின்னால் வேலியில் கொஞ்சம் உயரமாக மாட்டு. போன வீடியோவில் பாதி நேரம் உன் தொப்பிதான் தெரிந்தது. முகம் வராவிட்டாலும் பரவாயில்லை, கால் முழுசாக வர வேண்டும்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: பருப்புப்பொடியும் வடகமும் அடுத்த வாரம் கூரியரில் வருகிறது. உன் சித்தப்பா பிள்ளையும் டென்னிஸ் கற்றுக்கொள்ளப் போகிறானாம். அவனுக்கு ராக்கெட் வாங்கி அனுப்பிவிடாதே, முதலில் ஸ்கிப்பிங் கயிறு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.