செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். உறுப்பினர்கள் அதிகம் கேட்ட விஷயத்தை மட்டும் இங்கே விரிவாக வைக்கிறேன்: ஐந்து முதல் இருபது பேர் வேலை பார்க்கும் நம் நிறுவனங்களுக்கு எந்தக் கட்டற்ற மின்னஞ்சல் மென்பொருள் பொருந்தும்?

நாட்காட்டியை வைத்தே முடிவு செய்யுங்கள். எதை எடுத்தாலும் உள்ளே அஞ்சலைக் கையாள்வது பெரும்பாலும் அதே போஸ்ட்ஃபிக்ஸும் (அஞ்சலை அனுப்பிப் பெறுவது) டவ்காட்டும்தான் (பெட்டியில் வைத்துக் காட்டுவது). நாட்காட்டியைச் சர்வருடன் ஒத்திசைக்கக் கால்டாவ் என்ற நெறிமுறை வேண்டும். ஐபோனில் அது உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் டாவ்எக்ஸ்5 செயலியைப் போட வேண்டும். கணினியில் அஞ்சல் பார்க்கும் தண்டர்பேர்டில் 2020-இல் வந்த 78-ஆம் பதிப்பு முதல் நாட்காட்டி சேர்ந்தே வருகிறது. சிக்கல் அவுட்லுக்கில்தான். பழைய அவுட்லுக்கில் கால்டாவ் சிங்க்ரனைசர் என்ற இணைப்பைச் சேர்த்துச் சமாளிக்கலாம். புதியது அந்த வகை இணைப்பை ஏற்பதே இல்லை. ஆகவே அலுவலகத்தில் யார் எதில் அஞ்சல் பார்க்கிறார்கள் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

குழுவின் பரிந்துரை மெயில்கவ் என்ற அஞ்சல் சர்வர் தொகுப்பு. சோகோ (SOGo; ஸோஹோ நிறுவனம் அல்ல) நாட்காட்டி அதனுள்ளேயே உண்டு. சர்வரில் 6 ஜிபி ராம், 1 ஜிபி ஸ்வாப், அஞ்சல் சேமிக்கும் இடம் போக 20 ஜிபி டிஸ்க் தேவை. ராம் போதாவிட்டால் முதலில் அதிலுள்ள வைரஸ் தடுப்பியான கிளாம்ஏவியை நிறுத்துங்கள். அது ஒன்றே ஒரு ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஜிம்ப்ரா என்ற இன்னோர் அஞ்சல் தொகுப்பைப் பலர் கேட்டார்கள். அதன் 8.8.15 பதிப்புக்கான ஆதரவு 2023 இறுதியில் முடிந்துவிட்டது. பிந்தைய கட்டற்ற பதிப்புகளை அந்நிறுவனம் நிறுவத் தயாராகத் தருவதில்லை. புதிதாகத் தொடங்குவோருக்கு அது வேண்டாம்.

மென்பொருளை நிறுவ ஒரு மாலை போதும். அனுப்பும் அஞ்சல் ஸ்பேமில் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. சர்வர்கள் தமக்குள் அஞ்சல் அனுப்பும் வழியான போர்ட் 25 வெளியே திறந்திருக்கிறதா என்று சர்வர் வாடகைக்கு எடுக்கும் முன்பே கேளுங்கள். பல இடங்களில் அடைத்தே தருவார்கள். சர்வரின் ஐபி முகவரிக்குப் பிடிஆர் பதிவு (அந்த ஐபி எந்தப் பெயருடையது என்று காட்டுவது) கட்டாயம். எஸ்பிஎஃப் பதிவு (உங்கள் பெயரில் எந்தச் சர்வர் அஞ்சல் அனுப்பலாம் என்று சொல்வது) ஒரு டொமைனுக்கு ஒன்றே இருக்கலாம். பழைய ஹோஸ்டிங்கின் பதிவை நீக்காமல் புதியதைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாமல் போகும். அஞ்சலில் இடும் கையொப்பத்தைப் பெறுபவர் சரிபார்க்க உதவும் 2048 பிட் டிகேஐஎம் சாவி, டொமைனின் எழுத்துப் பதிவான டிஎக்ஸ்டியில் ஒரு சரத்துக்கான 255 எழுத்து வரம்பைத் தாண்டும். சில டிஎன்எஸ் பலகைகள் (டொமைன் பதிவுகளை மாற்றும் பக்கங்கள்) அதன் வாலை வெட்டிவிட்டுச் சேமித்துவிடும். சாவியை இரண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் இரட்டை மேற்கோளுக்குள் வைத்து, நடுவே ஓர் இடைவெளி விடுங்கள். சேமித்த பிறகு கடைசிப் பத்து எழுத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய அஞ்சல் சேவையிலிருந்து இடம் மாற்றும்போது, வரும் அஞ்சல் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவின் டிடிஎல்லை (பழைய பதிவை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) முந்தைய நாளே 300 விநாடி ஆக்குங்கள். பழைய பெட்டியின் அஞ்சலைப் புதியதற்கு நகலெடுக்கும் ஐமேப்சிங்கை எம்எக்ஸ் மாற்றும் முன் ஒருமுறை, மாற்றியபின் ஒருமுறை ஓட்டுங்கள். அது அஞ்சலை மட்டுமே கொண்டுவரும்; நாட்காட்டியை ஐசிஎஸ் கோப்பாகத் தனியே எடுக்க வேண்டும். இதை மறந்து பழைய கணக்கை மூடிவிட்டால் சந்திப்புகள் எல்லாம் போய்விடும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்முன் உங்கள் டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து வாருங்கள். இணையதளம் செய்து கொடுத்தவர் பெயரில் இருந்தால், மேலே சொன்ன பதிவுகளில் ஒரு வரியை மாற்றவும் அவரைத்தான் கேட்க வேண்டியிருக்கும். டொமைனை உங்கள் பெயருக்கு மாற்றிய பிறகே சர்வர் வேலையைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்