வாங்கினவன் அலைய, வித்தவன் இருக்குறதா?

பத்திரிகை ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

சித்திரை வருசம் கிட்ட வர வர மட்டக்களப்பு டவுன்ல இருந்து கல்முனை வரைக்கும் றோட்டு நெடுக பேனர்தான், உங்கட பேப்பரைத் திறந்தாலும் முழுப்பக்கத்துக்கு பிரிட்ஜும் வாஷிங் மெசினும்தான். கழிவாம், தவணையாம், முற்பணம் இல்லையாம், கூட ஒரு ரைஸ் குக்கர் சும்மா தாறாங்களாம். நல்லது, விக்கட்டும். நான் கேக்குறது என்னெண்டா, வித்த சாமான் வீட்ட வந்து வேலை செய்யாட்டி அதுக்கு ஆர் பொறுப்பு? இதுக்கு ஒரு விளம்பரத்திலயும் பதில் இல்ல, அதான் நான் அனுபவிச்சதையும் மறுகா விசாரிச்சு அறிஞ்சதையும் எழுதுறன், கொஞ்சம் நீளமா இருந்தாலும் வெட்டாம போடுங்க ஐயா.

நாங்க மட்டக்களப்பு ஆத்துக்கு அங்கால, படுவான்கரைப் பக்கம். டவுன்ல ஒரு ஷோரூம்ல தவணைக்கு பிரிட்ஜ் ஒண்டு எடுத்தம், ஐஸ் தண்ணி குடிக்கிற ஆசையில இல்ல, அம்மாக்கு இன்சுலின் போடுற. அது 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில இருக்கணும், உறையவும் கூடாது எண்டு கிளினிக்ல நேர்ஸ் ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் தாறவ. அதுவும் கச்சான் காத்து தொடங்கிட்டா எங்கட பக்கம் வீட்டுக்குள்ளயே அனல் அடிக்கும், மண்பானைக்குள்ள வச்செல்லாம் சமாளிக்க ஏலாது. அதனாலதான் கடன் பட்டாவது எடுப்பம் எண்டு எடுத்த.

வந்த சாமான் எப்படி எண்டா, மோட்டார் ஓடுது, உள்ள லைட் எரியுது, ஆனா குளிர் இல்ல. ப்ரீசருக்குள்ள கையை விட்டுப் பாத்தா பைப் வந்து ஏறுற மூலையில மட்டும் ஒரு உள்ளங்கை அளவு வெள்ளையா பனி பிடிச்சிருக்கு, மிச்ச இடமெல்லாம் காஞ்சு கிடக்கு, மோட்டார் ஒரு நிமிசம் கூட நிக்காம ஓடிக்கிட்டே இருக்கு. ஐஸ் தட்டுல ஊத்தின தண்ணி அடுத்த நாளும் தண்ணியாத்தான் இருந்த. எங்கட ஒழுங்கையில கட்டார்ல ஏசி வேலை செஞ்சிட்டு வந்த தம்பி ஒருவர் இருக்கார், அவர் எட்டிப் பாத்திட்டு ஒண்டையும் தொடாமலே சொன்னார், "அக்கா, இதில குளிராக்குற கேஸ் குறைவு, எங்கயோ கசியுது, கேஸ் சரியா இருந்தா பனி எல்லா இடமும் ஒரே மாதிரி பிடிக்கணும், குறைஞ்சா நுழையுற இடத்தில மட்டும்தான் குளிரும்" எண்டு. அவரே செஞ்சு தந்திருப்பார், ஆனா பின்னுக்கு ஒட்டியிருக்குற ஸ்டிக்கரைக் காட்டினார், அதில ஆர் 600ஏ எண்டு கிடக்கு, அது தீப்பிடிக்கிற கேஸ், கிராம் கணக்கில நிறுத்துத்தான் ஏத்தணுமாம், அதோட வெளி ஆள் கை வச்சா வொரண்டி போயிடும். சரியாத்தான் சொன்னார். ஆக திருத்தத் தெரிஞ்ச ஆள் வாசலுக்குப் பக்கத்தில இருந்தும் நாங்க கடையையே பாத்துக் கொண்டு இருக்க வேண்டிய நிலை.

கடைக்கு அடிச்சா கொழும்பு நம்பருக்கு அடிங்க எண்டாங்க, கொழும்புக்கு அடிச்சா பாட்டுப் போட்டு நிக்க வச்சு பிறகு உங்கட ஏரியா டெக்னீசியன் கூப்பிடுவார் எண்டாங்க, அந்த டெக்னீசியன் ஒரு நாள் திருகோணமலையாம் ஒரு நாள் பொத்துவிலாம், ஆத்துக்கு அங்கால எண்டா ரெண்டு மூணு வீட்டு வேலை சேர்ந்தாத்தான் வருவாராம். 2014ல மண்முனைப் பாலம் திறக்குறதுக்கு முதல் பாதையில, அதான் ஆத்தைக் கடக்குற மிதவையில ஏறித்தான் நாங்க அங்கால போறது, அப்ப தூரம் எண்டு சொன்னா ஏத்துக்கலாம். பிரிட்ஜைக் கொண்டு வந்து இறக்க அவங்கட பட்டா லொறி அண்டைக்கு பின்னேரமே வந்திச்சே, அதுக்கு மட்டும் தூரம் இல்லையா?

கடைசியில ஒரு நாள் வந்தார். கதவைத் திறந்தார், கையை உள்ளுக்கு விட்டார், குளிர் கூட்டுற திருகை கடைசி வரைக்கும் திருப்பினார், ஒரு துண்டை நீட்டி சைன் வைக்கச் சொன்னார். ஸ்க்ரூ ஒண்டு கூட கழட்டல்ல. துண்டு இங்கிலிசில கிடந்த, மகள் வாசிச்சுப் பாத்தா சாமான் திருத்தப்பட்டது, வாடிக்கையாளருக்குத் திருப்தி எண்டு அச்சடிச்சே வச்சிருக்காங்க! நான் சைன் வைக்க ஏலாது எண்டன். அவருக்குக் கோபம். மறுகா ஒண்டொண்டா சாட்டு வருது. முதல் சாட்டு, இறக்கின கையோட கரண்ட் குடுத்திருப்பீங்க எண்டு. சாய்ச்சு ஏத்தின பிரிட்ஜை நிமித்தி வச்சு சில மணித்தியாலம் விட்டுத்தான் ஓன் பண்ணணும், கம்ப்ரஸர் ஒயில் இறங்கணும் எண்டது உண்மைதான், ஆனா படுக்கப் போட்டுக் கொண்டு வந்தது அவங்கட ஆக்கள், நாங்க அடுத்த நாள் காலமதான் ஓன் பண்ணின.

ரெண்டாவது சாட்டு எல்லாருக்கும் தெரிஞ்சது, "உங்கட ஊர் கரண்ட் சரியில்ல, லோ வோல்டேஜ்". இதைச் சொன்னா நாங்க வாயை மூடிருவம் எண்டு நினைக்கிறாங்க. எங்கட நாட்டில வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், கூடினாலும் குறைஞ்சாலும் நூத்துக்கு 6 வரைக்கும்தான் போகலாம், அதாவது 216ல இருந்து 244க்குள்ள நிக்கணும். அந்தத் தம்பியே மீட்டரைக் கொண்டு வந்து பிளக்குல வச்சுக் காட்டினார், 224. டெக்னீசியன் அதைப் பாத்திட்டு ஒண்டும் பேசல்ல. உங்க வீட்டிலயும் இந்தச் சாட்டைச் சொன்னா மீட்டரை வைக்கச் சொல்லுங்க, உண்மையாவே குறைவா இருந்தா மின்சார சபைக்கு 1987க்கு அடிச்சு முறைப்பாடு வைங்க. அளக்காம வாயால வோல்டேஜ் சொல்ல ஒரு டெக்னீசியனுக்கும் உரிமை இல்ல.

எங்கட வீட்டுக் கதை மட்டும் எண்டா நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டன். அக்கரைப்பற்றில இருக்குற என்ட மச்சாள் வாஷிங் மெசின் ஒண்டு எடுத்தா, தண்ணி நிரம்பி மோட்டார் சுத்தத் தொடங்கினதும் வீட்டு டிரிப் சுவிட்ச் விழுந்திரும். கடைக்காரர் வீட்டு வயரிங்க்ல பிழை எண்டுட்டாங்க. அவட மாப்பிள்ள அதைத் தூக்கிக் கொண்டு போய் பக்கத்து வீட்டு பிளக்குல போட்டுப் பாத்தார், அங்கயும் விழுந்த, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அதுக்குக் கடையில குடுத்த யோசனையைக் கேளுங்க, டிரிப் சுவிட்ச்சைத் தவிர்த்து நேரே ஒரு லைன் இழுத்துப் பாருங்க எண்டாங்களாம். ஐயா, அந்த சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கசிஞ்சாலே விழுறதுக்குத்தான் வச்சிருக்கு, ஆளுக்கு அடிச்சுக் கொல்லாம இருக்க. ஈரக் கையோட தொடுற மெசினுக்கு அதைக் கழட்டச் சொல்லுற ஆள் சாமான் விக்குறாரா சாவு விக்குறாரா? அவ பயத்தில மெசினை மூடி வச்சிட்டு கையாலதான் துவைக்கிறா, தவணை மட்டும் மாசா மாசம் கட்டுறா.

தவணைக் கதையையும் சொல்லணும். சாமான் வேலை செய்யல்ல எண்டு ஒரு மாசம் கட்டாம விட்டா அடுத்த கிழமையே போன் வரும், அதுவும் நல்ல தமிழ்ல வரும், தாமதக் கட்டணமும் ஏறும். ரிப்பேருக்கு அடிச்சா மட்டும் தமிழ் தெரிஞ்ச ஆள் லீவாம். வொரண்டி அட்டையும் அப்படித்தான், சிங்களமும் இங்கிலிசும், தமிழ் இல்ல. அதில பெரிசா 10 வருசம் எண்டு போட்டிருக்கு, வாசிக்கத் தெரிஞ்ச ஆளைப் பிடிச்சுக் கேட்டா அது கம்ப்ரஸருக்கு மட்டுமாம், மிச்சத்துக்கு குறைஞ்ச காலம்தானாம், கேஸ் ஏத்துறதும் கூலியும் போக்குவரத்தும் அந்த 10 வருசத்துக்குள்ள வராதாம். விளம்பரத்தில இந்த 10 ஐ மட்டும் எவ்வளவு பெரிசா போடுறாங்க எண்டு நீங்களே உங்கட பேப்பரை எடுத்துப் பாருங்க.

இனித்தான் முக்கியமான விசயம், இதுக்காகத்தான் இந்தக் கடிதமே. 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. வித்த பொருள் குடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்து வராட்டி அதிகார சபைக்கு முறைப்பாடு குடுக்கலாம், அவங்க விசாரிச்சு, கடைக்காரரில பிழை எண்டு கண்டா நட்டஈடு குடுக்க, இல்லாட்டி பொருளை மாத்திக் குடுக்க, இல்லாட்டி காசைத் திருப்பிக் குடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம். 13ஆம் பிரிவு. கடைச் சுவரில "விற்ற பொருட்கள் திருப்பி எடுக்கப்பட மாட்டாது" எண்டு எவ்வளவு பெரிய எழுத்தில எழுதி வச்சிருந்தாலும் இந்தச் சட்டத்துக்கு மேல இல்ல. ஆனா அந்த முறைப்பாட்டை எழுத்தில குடுக்கணும், அதுவும் வாங்கி 3 மாசத்துக்குள்ள குடுக்கணும். இப்ப விளங்குதா ஏன் அடுத்த கிழமை அடுத்த கிழமை எண்டு இழுக்குறாங்க எண்டு? டெக்னீசியன் வருவார், பார்ட்ஸ் கொழும்பில இருந்து வரணும், பெருநாள் லீவு, ஸ்டொக் எடுக்குறம், மனேஜர் மாறிட்டார், இப்படியே சொல்லிச் சொல்லி அந்த 3 மாசத்தையும் சாப்பிட்டு முடிச்சிட்டா மறுகா நாங்க எங்க போய் நிக்கிற? எல்லாக் கடைக்காரரும் தெரிஞ்சு வேணுமெண்டு செய்யுறாங்க எண்டு சொல்ல மாட்டன், ஆனா இழுபட்டா லாபம் அவங்களுக்குத்தான், நட்டம் எங்களுக்குத்தான். போன்ல எத்தனை தரம் சண்டை பிடிச்சாலும் அது முறைப்பாடு இல்ல, எழுத்தில குடுத்தாத்தான் கணக்கு.

அதனால வாங்குற ஆக்களுக்கு ஒண்டு சொல்லுறன், பில்லில சாமானுட மொடல் நம்பரும் சீரியல் நம்பரும் திகதியும் இருக்கா எண்டு கடையிலயே பாருங்க, கேட்டா பில் குடுக்க வேண்டியது சட்டப்படி அவங்கட கடமை. பிழை தெரிஞ்ச அண்டைக்கே போன்ல வீடியோ எடுங்க, கடைக்கு எழுத்தில மெசேஜ் போடுங்க, வாயால சொல்லிட்டு வராதீங்க. ரிப்பேர் துண்டில என்ன எழுதியிருக்கு எண்டு விளங்காம சைன் வைக்காதீங்க, வாசிக்கத் தெரிஞ்ச பிள்ள பள்ளிக்கூடத்தால வரும் வரைக்கும் அவர் இருக்கட்டும், ஒரு தேத்தண்ணி போட்டுக் குடுங்க.

கடைக்காரர் எங்கட ஊர் ஆக்கள்தான், அவங்களோட எனக்குப் பகை இல்ல. ஏத்துறதுக்கு முதல் எங்களுக்கு முன்னால ஓட விட்டுக் காட்டினா என்ன? பிரிட்ஜ் குளிர நேரம் எடுக்கும் எண்டது சரி, ஆனா வாஷிங் மெசினை, கிரைண்டரை, அயன் பெட்டியை எல்லாம் அஞ்சு நிமிசத்தில பாக்கலாம். எங்கட சின்னக் கடைகளில ஒரு பல்ப் வாங்கினாலே போட்டுக் காட்டித்தான் தாறாங்க, லட்சக் கணக்கில வாங்குறதை மட்டும் பெட்டியோட சீல் உடைக்காம தூக்கித் தாறாங்க. வந்த அண்டைக்கே வேலை செய்யாத சாமானை திருத்துறது எண்ட பேச்சே எடுக்கக் கூடாது, மாத்திக் குடுக்கணும், ஏத்தி இறக்குற கூலியும் அவங்கதான் போடணும், புதுசுக்குத்தானே நாங்க காசு கட்டினது.

அதிகார சபை அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பண்டிகைக் காலத்தில நீங்க விலைப் பட்டியல் போட்டிருக்கா, காலம் முடிஞ்ச சாமான் விக்குதா எண்டு கடை கடையா ஏறி வழக்குப் போடுறீங்க, பேப்பரில பாக்குறம், நல்ல வேலை. ஆனா வொரண்டிப் பிரச்சினைக்கு மாவட்ட காரியாலயத்துக்கு வர வாகரையில இருந்தும் வெல்லாவெளியில இருந்தும் ஒரு நாள் கூலியை விட்டுட்டு பஸ் ஏறணும். மாசத்தில ஒரு நாளாவது பிரதேச செயலகங்களுக்கு வந்து இருந்து முறைப்பாட்டை எழுதி எடுங்க, தமிழ்ல ஒரு படிவம் கிராம சேவகர்மாருக்கிட்டயும் குடுத்து வைங்க. ரிப்பேருக்கு எடுத்த திகதி, என்ன பிழை, எப்ப திருப்பித் தருவாங்க எண்டு தமிழ்ல எழுதின துண்டு குடுக்காத கடையையும் ஒருக்கா போய் விசாரியுங்க.

நான் என்ட முறைப்பாட்டை எழுத்தில குடுத்திட்டன், 3 மாசத்துக்கு இன்னும் நாள் இருக்கு. விசாரணைக்குக் கூப்பிட்டா போவன். அது வரைக்கும் பிரிட்ஜ் எங்கட வீட்டில அலுமாரி வேலைதான் பாக்குது, அம்மாட இன்சுலின் பக்கத்து வீட்டில இருக்கு, ஒவ்வொரு நேரமும் போய்க் கதவைத் தட்டிக் கேக்க அவவுக்கும் வெக்கமா இருக்கு.

கடைசியா உங்களுக்கும் ஒண்டு ஐயா, கோவிக்கக் கூடாது. விளம்பரம் போட்டாத்தான் பேப்பர் ஓடும், அது எனக்கும் விளங்குது. ஆனா அந்த முழுப்பக்கத்துக்குக் கீழ மூலையில ரெண்டு வரி இடம் விட்டு, சாமான் பிழையெண்டா 3 மாசத்துக்குள்ள எழுத்தில முறையிடுங்க, அதிகார சபைட 1977 நம்பருக்கு அடிச்சுக் கேளுங்க எண்டு இந்தச் சித்திரை வருசம் முடியும் வரைக்கும் நீங்களே சும்மா போட்டுத் தாங்களேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
படுவான்கரை, மட்டக்களப்பு.